கோடை விடுமுறையில் ஸ்பெயின் போய் ஸ்பானிஷ் படிப்பது: கொங்குப் பகுதி மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடையில் நான்கு முதல் எட்டு வாரம் ஸ்பெயினில் தங்கி மொழி படித்துவிட்டுத் திரும்ப என்னென்ன வேண்டும் என்பதற்கான பதில்கள் இங்கே உள்ளன. கட்டணங்களும் விசா விதிகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாதுங்க. அங்கேயே போய் முதல்ல இருந்து படிச்சுக்கலாமுங்களா?

படிக்கலாம். பள்ளிகளும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஆறு படிகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1-இல் சொல்லித்தருவது எண்கள், கிழமைகள், குடும்ப உறவுகள், நிகழ்கால வினைகள். இவற்றை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்துவிடலாம். வாரத்துக்கு நானூறு, ஐநூறு யூரோ செலவழித்து, ஸ்பெயினின் சலமான்கா நகர வகுப்பறையில் உட்கார்ந்து "ஊனோ, தோஸ், த்ரெஸ்" எண்ணுவது காசுக்குக் கேடு. அங்கே மட்டும் கிடைப்பது ஒன்றுதான்: காலை முதல் இரவு வரை ஸ்பானிஷில் பேசவும் கேட்கவும் ஆட்கள். அதைப் பயன்படுத்த ஏ2 முடித்த வாய் வேண்டும். ஏ2-ஓடு போகிறவர் நான்கு வாரத்தில் பேச்சுத் தயக்கம் உடைந்து பி1 வாசலுக்கு வந்துவிடுவார். ஒன்றும் தெரியாமல் போகிறவர் அதே நான்கு வாரத்தில் ஏ1 முடிப்பார், திரும்பி வந்து ஆறு மாதத்தில் பாதியை மறப்பார்.

அதனால் மே மாதம் கிளம்புவதென்றால் நவம்பரிலேயே ஆரம்பியுங்கள். தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஏப்ரல் முடிவில் ஏறக்குறைய 180 மணி நேரம் ஆகிவிடும். முதல் இரண்டு மாதம் நிகழ்கால வினைகள். "-ஆர்", "-எர்", "-இர்" என முடியும் மூன்று வகைகளும் பழகியபின், ஒழுங்கில் அடங்காத பன்னிரண்டு வினைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் படியுங்கள்: ஸேர், எஸ்தார், இர், தெனேர், அஸேர், பொதேர், கெரேர், தெஸீர், பெனீர், ஸபேர், தார், பொனேர். அன்றாடப் பேச்சில் ஓயாமல் வருபவை இவைதான். அடுத்த இரண்டு மாதம் இரண்டு இறந்தகாலங்கள். கடைசி இரண்டு மாதம் புதிய இலக்கணத்தை நிறுத்திவிட்டு, வாரம் மூன்று முறையாவது ஒரு ஆசிரியரோடு இணையத்தில் அரை மணி நேரம் பேசுங்கள். சொல்வளத்துக்கு நாளைக்குப் பத்துச் சொல் போதும், நூறு நாளில் ஆயிரம். செயலியில் பச்சை விளக்கு எரிவதை வைத்து நிலையை அளக்காதீர்கள். நான்கு விடையில் ஒன்றைத் தொடுவது வேறு, வாயைத் திறந்து வாக்கியம் சொல்வது வேறு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் எது எளிது, எது தகராறு?

எளிதானவை பல. ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் நம்மவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

உச்சரிப்பில் தொடங்குவோம். ஸ்பானிஷின் ப, த, க மூன்றும் காற்றை வெளித்தள்ளாமல் சொல்லப்படுபவை, நம்முடையதைப் போலவே. "d" என்று எழுதப்படும் "த" இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் மெலிந்துவிடும். "ஒன்றுமில்லை" என்று பொருள்படும் "நாதா"வில் வருவது "அதை" என்பதில் வரும் அதே த. ஆங்கிலேய மாணவர்கள் மாதக்கணக்கில் பழகும் ஒலி இது. "ஞ" அப்படியே இருக்கிறது. எழுத்தில் வரும் "எச்" ஒலிக்காது. "வி"யும் "பி"யும் ஒரே ஒலி.

தகராறு இரட்டை "ர்ர்"-இல். "பெரோ" என்றால் ஆனால், "பெர்ரோ" என்றால் நாய். ஆடு ஓட்டுகிறவர்கள் நாக்கை அதிரவிட்டு "ட்ர்ர்ர்" என்பார்களே, அந்த அதிர்வுதான் வேண்டும். நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கினால் அதிராது. தினம் ஐந்து நிமிடம் என்று சில வாரம் பழகினால் பெரும்பாலோருக்கு வந்துவிடும்.

இன்னொன்று நெடில். ஸ்பானிஷில் ஐந்து உயிர்தான், குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தம்தான் பொருளை மாற்றும். சொல் உயிரிலோ, "ன்", "ஸ்" என்றோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம். மற்றபடி கடைசி அசையில். விதிக்கு மாறினால் மேலே ஒரு கோடு போட்டிருக்கும். "ஆப்லோ" என்றால் பேசுகிறேன், "அப்லோ" என்று கடைசியில் அழுத்தினால் அவர் பேசினார். இதைக் கவனிக்காமல் பேசினால் இலக்கணம் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் முழிப்பார்.

இலக்கணத்தில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். "வந்தேன்" என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லையே, அங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு வாக்கியத்திலும் "யோ, யோ" என்று போடுவது ஆங்கிலப் பழக்கம், விட்டுவிடுங்கள். "மே குஸ்தா எல் கஃபே" என்பதை ஆங்கிலத்தில் விளக்கினால் தலை சுற்றும். "எனக்குக் காபி பிடிக்கும்" என்ற அமைப்பு அது, வேறொன்றுமில்லை.

கடினமானவை மூன்று. முதலாவது, எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். "ஆ"வில் முடிந்தால் பெண்பால், "ஓ"வில் முடிந்தால் ஆண்பால் என்ற விதி பெரும்பாலும் சரி. "எல் ப்ரொப்லேமா", "எல் மாபா", "லா மானோ" போன்றவை விதிவிலக்கு. சொல்லைத் தனியாகப் படிக்காமல் "எல்", "லா" சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாவது, ஸேர், எஸ்தார் என்ற இரண்டு "இருத்தல்" வினைகள். "எஸ்தோய் அபுர்ரீதோ" என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. "சோய் அபுர்ரீதோ" என்றால் நான் சலிப்பூட்டுகிற ஆள். மூன்றாவது, இரண்டு இறந்தகாலங்கள். நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டிருந்த சூழலுக்கு இன்னொன்று. இதற்கு விதியைவிடக் கதை கேட்பதே மருந்து.

ஒரு எச்சரிக்கை: வெக்கையாக இருந்தால் "தேங்கோ கலோர்" என்று சொல்லுங்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து "எஸ்தோய் கலியேந்தே" என்றால் ஆபாசமான பொருள் வந்துவிடும்.

எந்த மாதம் போவது நல்லது?

செமஸ்டர் தேர்வு முடிந்ததும், மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஸ்பெயினில் ஜூலை, ஆகஸ்டுதான் கூட்டம். அறை வாடகை, விமானக் கட்டணம், வகுப்பு எண்ணிக்கை எல்லாம் ஏறும். ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் பல கடைகள் பூட்டிக் கிடக்கும், பேச ஆள் குறைவு. நம் விடுமுறை மேயில் வருவது நமக்கு வாய்ப்பு.

சிக்கல் தேர்வு அட்டவணையில். பல்கலைக்கழகத் தேதி இரண்டு வாரம் தள்ளிப்போவது சகஜம். அரியர் இருந்தால் இன்னும் தள்ளும். தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டை வாங்குங்கள். கல்லூரி திறக்கும் நாளுக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பே திரும்பும்படி வையுங்கள்.

எந்த ஊர்?

முதல் முறை போகிறவர்களுக்கு சலமான்கா. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள மாணவர் ஊர், நடந்தே சுற்றிவிடலாம், பேச்சு தெளிவாக இருக்கும், மத்ரித், பார்சலோனாவைவிடச் செலவு குறைவு. மத்ரிதிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம்.

கிரனாதா அழகான ஊர், கையைக் கடிக்காது. பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு கூடவே வரும். ஆனால் தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பேச்சில் சொல்லிறுதி "ஸ்" விழுந்துவிடும், ஆரம்பத்தில் காது திணறும். பி1 தாண்டியவர்களுக்கு நல்ல பயிற்சி. செவில்லா ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும். கரூர் வெயில் பழகியவர்களும் தப்பாக எடைபோடுவது உண்டு, ஏனென்றால் மாலை ஏழு மணிக்கும் வெயில் உச்சியில் நிற்கும். பார்சலோனாவிலும் வலென்சியாவிலும் தெருப் பலகை, வீட்டுப் பேச்சு எல்லாவற்றிலும் உள்ளூர் மொழி கலந்திருக்கும். ஊராக அருமை, நான்கு வாரத்தில் ஸ்பானிஷை மட்டும் ஏற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இரண்டாம் தேர்வு. வடக்கே சந்தான்தேர் குளிர்ச்சி, மழையும் உண்டு.

பள்ளி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஸ்தித்தூதோ செர்வாந்தேஸ் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனம். டெல்லியில் அதன் கிளை இருக்கிறது. அந்நிறுவனம் தரச்சான்று கொடுத்த பள்ளிகளின் பட்டியலை அதன் தளத்தில் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் உள்ள பள்ளி, அல்லது சலமான்கா, கிரனாதா பல்கலைக்கழகங்களின் சொந்த மொழி மையங்கள், இவற்றுக்குள் தேர்ந்தெடுங்கள்.

பிறகு பள்ளிக்கு ஐந்து கேள்வி எழுதுங்கள். ஒரு "பாடம்" எத்தனை நிமிடம்? 45, 50, 55 என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். வாரம் 20 பாடம் என்பதில் மூன்று மணி நேரத்துக்குமேல் வித்தியாசம் வந்துவிடும். வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? பத்துக்கு மேல் போனால் பேச வாய்ப்புக் குறையும். அரசு விடுமுறை நாளின் வகுப்பை ஈடு செய்வீர்களா? மே 1 அங்கேயும் விடுமுறை. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும்? பெரும்பாலும் பதிவுக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அதை எழுத்தில் வாங்கிவையுங்கள். கடைசியாக, என் நிலைக்கு அந்த வாரம் வகுப்பு உறுதியா?

வகுப்புகள் திங்கட்கிழமை நிலைத்தேர்வோடு தொடங்கும். தங்குமிடம் வழக்கமாக ஞாயிறு முதல் சனி வரை. ஞாயிறு பிற்பகலுக்குள் ஊர் சேரும்படி டிக்கெட் போடுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

யூரோ விலை ஏறி இறங்கும். 110 ரூபாய் என்று கூட்டியே வைத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு வகுப்பு 800 முதல் 1,000 யூரோ. காலை, இரவுச் சாப்பாட்டோடு ஒரு குடும்பத்தில் தங்க 900 முதல் 1,200. புத்தகம், பதிவு 50 முதல் 100. மதியச் சாப்பாடு, பேருந்து, வாரக்கடைசிப் பயணம் 500 முதல் 600. இதுவே இரண்டரை முதல் மூன்றேகால் லட்சம் ரூபாய். விமானம் முன்கூட்டிப் போட்டால் 60,000 முதல் 90,000. விசா, காப்பீடு, சென்னை போய்வரும் செலவு 15,000 ரூபாயை ஒட்டி. ஆக மூன்றேகால் முதல் நாலேகால் லட்சம். இன்னொரு முப்பதாயிரத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

சமையலறை உள்ள பகிர்வு அடுக்ககத்தில் தங்கினால் முப்பது, நாற்பதாயிரம் மிச்சமாகும். ஆனால் அங்கே உடன் தங்குகிறவர்கள் ஜெர்மனி, நெதர்லாந்து மாணவர்களாக இருப்பார்கள், வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிடும். முதல் இரண்டு வாரமாவது குடும்பத்தோடு தங்குங்கள்.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

90 நாளுக்குள் என்றால் குறுகிய கால ஷெங்கன் விசா (ஸ்பெயின் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) போதும். அதைத் தாண்டினால் மாணவர் தேசிய விசா, அது வேறு வேலை. இந்தியாவில் ஸ்பெயின் விசா விண்ணப்பங்களை பி.எல்.எஸ். மையங்கள் வாங்குகின்றன. நமக்குச் சென்னை மையம் வசதி. கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸ், ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ராத்திரி ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். கைரேகை கொடுக்க நேரில் போயே ஆக வேண்டும். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை காத்திருக்கக் கூடாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிலவற்றுக்கு 45 நாள் வரை. ஏப்ரல், மேயில் சுற்றுலாக் கூட்டத்தால் நேரம் கிடைப்பது கடினம். மார்ச் முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, அதன்மேல் மையத்தின் சேவைக் கட்டணம்.

வேண்டியவை: பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்ட, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ள பாஸ்போர்ட், பள்ளியின் சேர்க்கைக் கடிதமும் பணம் கட்டிய ரசீதும், எல்லா இரவுக்கும் தங்குமிட உறுதி, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, போகவர விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், செலவை ஏற்கும் பெற்றோரின் கடிதமும் வருமான ஆவணங்களும், கல்லூரியின் போனஃபைட் சான்றும் தடையில்லாச் சான்றும்.

கல்லூரிச் சான்றில் மீண்டும் வகுப்பு தொடங்கும் தேதியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். திரும்பி வருவார் என்பதற்கு அந்த ஒரு வரி தரும் பலம் பெரிது. மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் இப்படிச் சின்னதாகவே இருக்கும்: காப்பீடு ஒரு நாள் முன்னதாக முடிகிறது, சனி இரவு குடும்ப வீட்டை விட்டு வெளியேறி, விமானம் ஞாயிறு, இடையில் ஓர் இரவுக்கு இடம் காட்டவில்லை, ஏன் ஸ்பானிஷ் என்பதற்கு விளக்கக் கடிதத்தில் பதிலே இல்லை. பணத்துக்கு அளவு உண்டு. ஸ்பெயினின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு நாளுக்குக் காட்ட வேண்டும். 2025-இல் அது 118.40 யூரோ, முப்பது நாளுக்கு 3,552. தங்குமிடத்துக்கு முன்கூட்டிக் கட்டிய ரசீதையும் சேர்த்து வையுங்கள். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், குறையைச் சரிசெய்து புதிதாகவும் விண்ணப்பிக்கலாம்.

விசா ஒட்டப்பட்டதும் இரண்டு இடத்தைப் பாருங்கள். தங்கும் நாள் எத்தனை, எத்தனை முறை நுழையலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஒரே நுழைவு என்றால் கிரனாதாவிலிருந்து வாரக்கடைசிக்கு மொராக்கோ போய்விட்டுத் திரும்ப உள்ளே வர முடியாது.

எங்களுக்கு விவசாயமுங்க. வருமான வரி கட்டறதில்லை. என்ன காட்டறதுங்க?

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதை ஒரு வரியில் விளக்கக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வட்டாட்சியரின் வருமானச் சான்று, இவற்றோடு விளைச்சல் விற்ற பணம் வங்கியில் ஏறியதற்கான தடம் வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டி ரசீது, சர்க்கரை ஆலை வரவு, பால் சங்கப் பட்டுவாடா, தேங்காய், கொப்பரை ஏல ரசீது எல்லாம் நல்ல ஆதாரமே. தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். திருப்பூர், கரூர்த் தொழில் குடும்பங்கள் ஜி.எஸ்.டி. கணக்கும் நிறுவனப் பதிவும் தரலாம்.

செய்யக் கூடாதது: விண்ணப்பிக்கும் வாரத்தில் கைமாத்து வாங்கி நான்கு லட்சத்தை ஒரே தவணையில் கணக்கில் போடுவது. திடீர் வரவைப் பார்த்தாலே அதிகாரி கேள்வி எழுப்புவார். ஆறு மாதம் முன்பிருந்தே வரவை ரொக்கமாக வைக்காமல் வங்கி வழியாக நடத்துங்கள். நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகலை வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. பிரச்சினையா?

நம் பக்கம் இனிஷியல் வழக்கம் என்பதால் இது அடிக்கடி வருகிறது. விசா படிவம், விமான டிக்கெட், பள்ளிக் கடிதம், காப்பீடு நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் அப்பா பெயர் என்று கலந்தால் நிறுத்திவைப்பார்கள். இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்தே விண்ணப்பியுங்கள். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர் உண்டு. அங்குள்ள படிவங்களில் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

எந்த விமான நிலையம்?

கோவையிலிருந்து ஸ்பெயினுக்கு நேர் விமானம் இல்லை. கொச்சியிலிருந்து தோஹா, துபாய் வழியாக மத்ரித், பார்சலோனா போகும் வழிதான் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்க்காரர்களுக்குத் தோது. பாலக்காடு வழியாகக் காரில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே ஆகும். சேலம், நாமக்கல்காரர்களுக்கு பெங்களூரு பக்கம். மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

சைவம் சாப்பிடறவங்க சமாளிக்க முடியுமுங்களா?

முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அங்கே "இறைச்சி இல்லாதது" என்று கேட்டால் பன்றித்தொடை, அதாவது ஹமோன், போட்டுக் கொண்டுவரும் கடைகள் உண்டு. அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். "என்சலாதா மிஸ்தா" என்ற காய்கறிக் கலவையில் சூரை மீனும் முட்டையும் இருக்கும். பருப்புச் சாறில் ஹமோன் துண்டோ எலும்புச் சாறோ இருக்கும். "போல்வொரோன்" போன்ற இனிப்புகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி உவேவோ." இறைச்சி, ஹமோன், மீன், முட்டை எதுவும் சாப்பிடுவதில்லை என்று பொருள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு, பொரித்த பதிரோன் மிளகாய், செவில்லாவின் கீரையும் கொண்டைக்கடலையும். "தோர்த்தில்யா" உருளைக்கிழங்குதான், ஆனால் முட்டை சேர்த்தது. குடும்பத்தில் தங்குபவர்கள் பள்ளிப் படிவத்திலேயே முட்டைகூட இல்லை என்று எழுதிவிடுங்கள். சேர்ந்தபின் சொன்னால் அந்த அம்மாவுக்கும் சங்கடம்.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல். நடுவில் பசிக்கும். பையில் கடலை, பழம் இருக்கட்டும்.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. அதனால் நெய், பால்கோவா வேண்டாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்ற பச்சை விளைபொருளும் வேண்டாம். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, இட்லிப் பொடி, எண்ணெய் ஊறுகாய் போகலாம். முத்திரையிட்ட பொட்டலமாக, என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். அரிசி, துவரம்பருப்பு அங்கேயே கிடைக்கும்.

மருந்து மாத்திரைகளைப் பட்டையோடும் டாக்டர் சீட்டோடும் வையுங்கள், சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். மின்சாரம் நம்முடையதுபோல் 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு முனை கைபேசிச் சார்ஜர் பொருந்தும், மூன்று முனை மடிக்கணினிச் செருகி பொருந்தாது. மாற்றுச் செருகி ஒன்று இங்கேயே வாங்குங்கள்.

பணமும் போனும்?

யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, அது வேலை செய்யாவிட்டால் வேறு வங்கியின் கார்டு ஒன்று, இருநூறு யூரோ ரொக்கம். இயந்திரம் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததே மாற்று விலை. இந்தியச் சிம்மை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், கிளம்பும் முன் ரோமிங் திறந்துவையுங்கள். அங்கே சிம் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும்.

பொம்பளப் புள்ளைய தனியா அனுப்பறதுக்குப் பயமா இருக்குதுங்க.

பயம் நியாயமானது. சலமான்கா, கிரனாதா போன்ற மாணவர் ஊர்களில் இரவு பத்து மணிக்கும் குழந்தைகளோடு குடும்பங்கள் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஜூன் கடைசியில் அங்கே பொழுது சாய்வதே பத்து மணியை ஒட்டித்தான். பெரிய ஆபத்து ஜேப்படி. மத்ரித், பார்சலோனா மெட்ரோவில் பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள், உணவக மேசைமேல் போனை வைக்க வேண்டாம். முதல் நாள் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பும் வசதியைப் பள்ளியிடம் காசு கொடுத்தாவது வாங்குங்கள். தினமும் பேசும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். கோடையில் நம் மணி மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். நமக்கு இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஐந்து. அவசர எண் 112.

18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால்?

அருகிலுள்ள தேசியக் காவல் நிலையத்தில் "தெனூன்சியா" என்ற புகார் எழுதி நகல் வாங்கி, மத்ரிதிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம், விசா பக்கம் மூன்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்திருந்தால் வேலை சுருக்கமாக முடியும்.

பகுதிநேர வேலை பார்க்கலாமா?

குறுகிய கால விசாவில் கூடாது.

வகுப்பு நாலு மணி நேரம்தான். மீதி நேரத்தில் எப்படிப் பேசிப் பழகுவது?

பணம் வீணாவதும் பலன் கிடைப்பதும் இந்த மீதி நேரத்தில்தான். ஒரே கல்லூரியிலிருந்து நான்கு பேர் சேர்ந்து போனால் நாள் முழுவதும் தமிழே ஓடும். சேர்ந்து பயணம் செய்யுங்கள், ஆனால் வேறு வேறு வீட்டில், முடிந்தால் வேறு வேறு வகுப்பில் இருங்கள். வகுப்புத் தோழர்களிடம் முதல் நாளே ஸ்பானிஷில் பேசத் தொடங்கினால் அதுவே பழக்கமாகிவிடும். ஆங்கிலத்தில் தொடங்கிய நட்பு பிறகு மாறுவது அரிது.

வகுப்பில் நம் பிள்ளைகள் நோட்டில் அழகாக எழுதுவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். தப்பாகப் பேசினால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆசிரியர் காத்திருந்து திருத்துவார். ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது மூன்று முறை தானாக முன்வந்து பேசுவது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் தினம் ஒரு வேலையை வைத்துக்கொண்டு வெளியே கிளம்புங்கள். சூப்பர் மார்க்கெட்டை விட்டு, சந்தைக் கடைக்குப் போங்கள். வரிசை கண்ணுக்குத் தெரியாது. போனதும் "க்யேன் எஸ் எல் ஊல்திமோ?" என்று கடைசி ஆள் யாரெனக் கேட்க வேண்டும். பிறகு "மேதியோ கிலோ தே தொமாதெஸ்". அரைக் கிலோ தக்காளி வாங்கினால் மூன்று பேரிடம் பேசியிருப்பீர்கள். கடைகள் பல இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மூடியிருக்கும், அதைப் பார்த்துக் கிளம்புங்கள். நகராட்சி நூலகம் இலவசம். ஆங்கிலம் பழக விரும்பும் உள்ளூர் மாணவரோடு அரை மணி ஆங்கிலம், அரை மணி ஸ்பானிஷ் என்று மாற்றிப் பேசும் "இந்தெர்காம்பியோ" பள்ளி அறிவிப்புப் பலகையில் கிடைக்கும். இரவு சாப்பாட்டு மேசைதான் எல்லாவற்றிலும் சிறந்த வகுப்பு. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடாதீர்கள்.

வீட்டு ஒழுங்கு சில: குளிப்பது ஒரு நாளைக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம். வாளி, மக் இருக்காது, குளியலறைத் தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது. துணி துவைப்பது வாரம் ஒரு முறை.

ஸ்பெயினுக்குப் பதில் மெக்சிகோ?

தங்குவதும் படிப்பதும் மலிவு, மக்கள் நிதானமாகப் பேசுவார்கள். விமானக் கட்டணம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். அமெரிக்கா வழியாகப் போனால் இடைநிற்பதற்கே அமெரிக்க விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. அவர்கள் யோசிக்கலாம்.

இதனால் வேலை கிடைக்குமா? எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

ஒரு கோடையில் வேலை கிடைக்கும் அளவு மொழி வராது. மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை வேலைகளுக்கு பி2 கேட்பார்கள். ஸ்பானிய நிறுவனங்கள் திருப்பூரில் பின்னலாடை வாங்குகின்றன என்றாலும் அந்தக் கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். மோட்டார், பம்ப்செட், நூல் போன்றவற்றை லத்தீன் அமெரிக்காவுக்கு விற்க நினைப்பவர்களுக்கு மொழி நேரடியாக உதவும். முழுநேரமாகப் படிக்க விரும்பினால் டெல்லி ஜே.என்.யு., ஹைதராபாத் இஃப்லு பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் ஸ்பானிஷ் பட்டப்படிப்பு உண்டு.

சான்றுக்கு டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு. ஒருமுறை தேறினால் சான்று காலாவதி ஆகாது. சியேலே என்ற கணினித் தேர்வின் சான்று ஐந்து வருடம் செல்லும். டெலே ஏ2 தேர்வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று. தொகுதிக்கு 50 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 30 வாங்க வேண்டும். எழுத்தில் 45 வாங்கிப் பேச்சுத் தொகுதியில் 28 என்றால் தேறியதாகாது. வீட்டிலிருந்து மட்டும் படித்தவர்கள் இரண்டாவது தொகுதியில்தான் சறுக்குவார்கள். ஸ்பெயினில் இருந்து திரும்பியவர்களுக்கு அதுவே பலம், அவர்கள் எழுத்துப் பயிற்சிக்கு ஒரு மாதம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். பதிவு தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். கிளம்பும் முன்பே அடுத்த தேர்வுத் தேதியைப் பார்த்து, ஊர் திரும்பி இரண்டு மூன்று மாதத்துக்குள் எழுதும்படி பெயரைப் பதிந்துவிடுங்கள். அதுவரை இணைய ஆசிரியரோடு வாரம் இரண்டு மணி நேரம் பேச்சு, அந்தக் குடும்பத்துக்கு வாரம் ஒரு குரல் செய்தி.